தாய்லாந்து முட்டைச் சோறு: எனக்கு மட்டும் ஏன் பொங்கி வரவில்லை?

2024 ஏப்ரல் 18, மதியம்

உச்சிப்புளியிலிருந்து கேட்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் முட்டைதான் ஓடும். மகள் கைபேசியில் தாய்லாந்து முட்டைச் சோற்றைப் பார்த்துவிட்டு அதேபோல வேண்டும் என்கிறாள். மூன்று தடவை செய்துவிட்டேன். அவர்கள் செய்தால் பூரி மாதிரி பொங்குகிறது, ஓரமெல்லாம் முறுகலாக வருகிறது. எனக்குத் தோசை மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. இப்போது எனக்குத் தோன்றுவது, இது நம் ஆம்லெட்டேதான். வெங்காயமும் பச்சை மிளகாயும் இல்லை, மீன் வாடை உண்டு, அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை பேச்சு? செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 18, இரவு

அக்கா, கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். இது ஆம்லெட் இல்லை. ஆம்லெட்டை நாம் சுடுகிறோம், இதை அவர்கள் பொரிக்கிறார்கள். பெயரிலேயே அது இருக்கிறது. கை ஜியாவ் என்பார்கள். கை என்றால் முட்டை, ஜியாவ் என்றால் எண்ணெயில் பொரிப்பது. பூண்டைப் பொரித்துச் சோற்றில் தூவினாலும் அதே சொல்தான். சோற்றுக்கு காவ். மொத்தமாக காவ் கை ஜியாவ்.

எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப் போல நானும் ரத்தினக் கல் வியாபாரத்துக்காக பாங்காக்கில் ஐந்து வருடம் இருந்தேன். சீலோம் பக்கம் மகேசாக் சாலையில் வேலை. மதியச் சோறு பெரும்பாலும் சரோன் குரூங் பக்கம், ஹாரூன் பள்ளிவாசலை ஒட்டிய சந்துகளில். அங்கே நம் மார்க்கத்துக்காரர்கள் கடை போட்டிருந்ததால் கறி பற்றிய கவலை இல்லை. கையில் காசு குறைந்த மாதக் கடைசியில் முட்டைச் சோறு. அதனால் இதை நான் நூறு தடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எத்தனை கரண்டி எண்ணெய் விட்டீர்கள்? இரண்டு கரண்டி என்றால் பொங்கவே பொங்காது. சின்ன இரும்புச் சட்டியில் ஒரு டம்ளர் எண்ணெய். சட்டியின் நடுவில் விரலை நிறுத்தினால் முதல் கணு வரை எண்ணெய் நிற்க வேண்டும் (விரலைக் காயாத எண்ணெயில் வைத்துப் பாருங்கள்!). லேசாகப் புகை கிளம்பும்வரை காயவிடுங்கள். இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி மீன் சாறு (பாட்டிலில் விற்பது), அரை எலுமிச்சம்பழம். முள்கரண்டியால் நுரை கட்டும்வரை அடியுங்கள். கையை நன்றாக உயர்த்தி ஊற்றுங்கள். வேறு உப்பு போடாதீர்கள்.

2024 ஏப்ரல் 19

நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

அரை எலுமிச்சம்பழம் என்று எழுதிவிட்டேன், அரை தேக்கரண்டிச் சாறு என்பதுதான் சரி. அரைப் பழத்தைப் பிழிந்தால் முட்டை புளித்துத் திரிந்து போகும்.

அடுத்தது, ஊற்றும் உயரம். மண்டபத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், நான் சொன்னபடி கையை உயர்த்தி ஊற்றியதில் எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டுவிட்டதாம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது தம்பி. நான் பார்த்த கடைகளில் பெரிய சட்டி, ஆழம் அதிகம், அதனால் அவர்கள் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வீட்டில் ஒரு சாண் போதும். ஒரே இடத்தில் கொட்டாமல், மெல்லிய தாரையாக, சட்டியைச் சுற்றி ஊற்றினால் அதே சல்லடை ஓரம் கிடைக்கும். ஊற்றுகிற நேரம் சிறு பிள்ளைகள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

2024 ஏப்ரல் 19, பின்னேரம்

தொண்டியிலிருந்து ஒரு காக்கா (அண்ணன்) கேட்கிறார்: நல்லெண்ணெய் ஆகுமா?

ஆகாது. நல்லெண்ணெயின் மணம் முட்டையை மூடிவிடும். தேங்காயெண்ணெயும் அப்படித்தான். கடலை எண்ணெய் நல்லது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கிற பாமாயிலே இதற்குப் போதும், தாய்லாந்திலும் பாமாயில்தான் நிறையப் புழங்குகிறது.

2024 ஏப்ரல் 21

ஏன் பொங்குகிறது என்று அக்காவின் மகள் கேட்டாளாம். நல்ல கேள்வி, அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக மனசில் இருந்தது.

முட்டை பார்க்கத்தான் கெட்டியாக இருக்கிறது, அதில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் முட்டை விழுந்ததும் உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியாகி வெளியே ஓடப் பார்க்கும். அதே நொடியில் முட்டையின் புரதம் வெந்து இறுகும். ஓடப் பார்த்த ஆவி அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அடித்தபோது உள்ளே போன காற்றும் சூட்டில் விரியும். அதுதான் பொங்கல். எண்ணெய் சூடு குறைவாக இருந்தால் ஆவி மெதுவாகக் கிளம்பிப் போய்விடும், முட்டை அதற்கப்புறம்தான் இறுகும். தட்டையாகக் கிடக்கும், எண்ணெயையும் குடிக்கும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே அடித்து ஊற்றினால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். நான்கு முட்டையை ஒரே தடவையில் போடுவதும் அதே தவறு. கடை அடுப்பு ஊது உலை மாதிரி எரியும். நம் வீட்டு அடுப்புக்கு இரண்டு முட்டைதான் அளவு, மூன்று பேர் என்றால் மூன்று தடவை.

சூடு சரியா என்று பார்க்க, அடித்த முட்டையில் ஒரு சொட்டு விடுங்கள். அடியில் போய் உட்காரக் கூடாது. விழுந்த உடனே மேலே வந்து பூக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 22

ஒன்று விட்டுப்போனது. ஊற்றிய பிறகு நோண்டாதீர்கள். அடி பொன்னிறமாகும்வரை அரை நிமிடம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டு இன்னொரு அரை நிமிடம். ஜல்லிக் கரண்டியில் எடுத்து எண்ணெய் வடியவிட்டு நேராகச் சோற்றின்மேல். மூடி வைத்தால் முறுகல் போய்விடும்.

2024 ஏப்ரல் 27

இப்போது மீன் சாறு பற்றி. அக்கா "மீன் வாடை" என்று எழுதியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

நாம் ப்ளா. நாம் என்றால் நீர், ப்ளா என்றால் மீன். நெத்திலியையும் உப்பையும் சேர்த்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஊறவைத்து வடித்த நீர். அங்கே ராயோங் என்ற கடலோர மாகாணம் இதற்குப் பேர் போனது. பாட்டிலைத் திறந்தால் வாடை வரத்தான் செய்யும். காய்ந்த எண்ணெயில் முட்டையோடு விழுந்ததும் அந்த வாடை எழும்பிப் போய், உப்போடு ஒரு இனிப்பும் கறிச்சுவையும் மட்டும் தங்கும். எண்ணெய் சரியாகக் காயவில்லை என்றால் வாடை அப்படியே நிற்கும். ஆக, அக்கா, உங்கள் இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு கடையில் மீன் சாறு என்று ஒரு பாட்டில் வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து எழுத்தைப் படித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு, அப்புறம் நிறம் ஏற்றும் பொருள், நெத்திலி கடைசியில். நல்ல பாட்டிலில் நெத்திலி, உப்பு, மிஞ்சினால் சர்க்கரை, இவ்வளவுதான் இருக்கும். நெத்திலி முதலில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பாட்டில் கிடைக்காதவர்களுக்கு: ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, கழுவி, அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் போதும். எந்த வித்தியாசமும் தெரியாது.

2024 மே 3

மேலே கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. அவசரப்பட்டுவிட்டேன்.

துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு நல்ல பாட்டில் கொண்டுவந்தார். நேற்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன். ராத்தாவும் (அக்கா) உம்மாவும் சாப்பிட்டார்கள், எது எது என்று நான் சொல்லவில்லை. ராத்தா முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கருவாட்டு நீர் போட்டதில் காய்ந்த வாடை, அடியில் ஒரு நறநறப்பு, உப்பு மேலாகவே நிற்கிறது. சாற்றின் இனிப்பு அதில் இல்லை. மாதக்கணக்கில் ஊறி மீனின் புரதம் கரைந்து பிரிவதால் வருகிற இனிப்பு அது. பத்து நிமிடக் கொதியில் எப்படி வரும்? வெயிலில் காய்வது ஒரு வேலை, உப்பில் கரைவது வேறு வேலை.

மூன்றாவதாக உம்மா சொன்னபடி ஒன்று செய்தோம். மாசியை அம்மியில் பொடித்து ஒரு சிட்டிகை, கூடவே கொஞ்சம் உப்பு. மாசி புகை போட்டுக் காயவைத்த சூரை என்பதால் புகை மணம் வந்தது. தாய்லாந்து ருசி இல்லை, ஆனால் மிக நல்ல ருசி. உம்மா அதைத்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆகவே: பாட்டில் கிடைத்தால் பாட்டில். இல்லையென்றால் மாசிப் பொடி. கருவாட்டு நீரை ஆணத்துக்கு (குழம்புக்கு) வைத்துக்கொள்ளலாம்.

2024 மே 9

சோறு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தட்டு சோறுதான்.

அங்கே மல்லிகை அரிசி, ஹோம் மலி என்பார்கள். பச்சரிசி வகை. வெந்தால் மெதுவாக, ஒன்றோடொன்று லேசாக ஒட்டி நிற்கும். உப்பு போட மாட்டார்கள். நம் புழுங்கல் அரிசிச் சோற்றில் இதை வைத்தால் சோறு தனியாக உதிர்கிறது, முட்டையின் எண்ணெயும் சாறும் தட்டில் தேங்குகிறது. நான் பல அரிசியில் பார்த்துவிட்டு கடைசியில் நின்றது ஆர்.எஸ். மங்கலம் பக்கத்திலிருந்து வருகிற புதுப் பச்சரிசியில். பழைய அரிசியைவிடப் புது அரிசிக்கு ஒட்டுதல் அதிகம், எல்லாரும் குறை சொல்கிற அந்த குணம்தான் இங்கே வேண்டியது. கஞ்சி வடிக்காமல் அளவுத் தண்ணீரில் பொங்கி, பத்து நிமிடம் புழுங்கவிடுங்கள்.

சீரகச் சம்பாவில் செய்தால் பிரியாணி நினைப்பு வந்து முட்டைக்கு மரியாதை இல்லாமல் போகிறது. சித்திரைகார் சிவப்பரிசியில் ஒரு தடவை செய்தேன். அரிசியின் ருசியே பலமாக இருக்கிறது, மாசிப் பொடி போட்ட முட்டைக்கு மட்டும் சேருகிறது.

2024 மே 11

உச்சிப்புளி அக்கா எழுதியிருக்கிறார்: பொங்கியது, ஆனால் தட்டுக்கு வந்ததும் காற்றுப் போன பந்து மாதிரி அமுங்கிவிட்டது.

அமுங்கத்தான் செய்யும் அக்கா, ஆவி போனால் கொஞ்சம் இறங்கும். பாதிக்கு மேல் இறங்கினால் அடுத்த பக்கம் வேகவில்லை என்று அர்த்தம். ரொம்ப நேரம் முறுகலாக நிற்க வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். சில கடைகளில் அப்படிச் செய்வார்கள். எனக்கு மாவு சேர்க்காததுதான் பிடிக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே தொட்டால் நடுங்குகிற மெதுமை, அது மாவு போட்டால் குறைந்துவிடுகிறது.

2024 மே 12

இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுப்பதென்றால் மாவு போடுவதே நல்லது. ராத்தா சொன்னாள், சரிதான்.

2024 மே 20

இன்று ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன்.

நெத்திலி நம் கடலில், உப்பு வாலிநோக்கத்தில். அங்கே அரசு உப்புக் கழகத்தின் உப்பளமே இருக்கிறது. வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. இந்த மூன்றும் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு துபாய் மச்சானின் பெட்டியை எதிர்பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகு போய் வருகிறது. விடியற்காலை கடற்கரைக்குப் போய் இரண்டு கிலோ நெத்திலி வாங்கினேன், துள்ளல் அடங்காத மீன்.

மீன் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடை போட்டு. உப்பைக் குறைத்தால் மீன் அழுகும், இதில் கண் அளவு கூடாது. உப்புத் தண்ணீரில் அலசினேன். தலை கிள்ளவில்லை, குடல் எடுக்கவில்லை. உம்மாவுக்கு இது பொறுக்கவே இல்லை. "கழுவாத மீனை ஜாடியில் போடுறவன் வீட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று என் மகனைப் பார்த்துச் சொன்னார்கள், அவனுக்கு ஏழு வயது. ஆனால் சாற்றுக்குக் குடல் வேண்டும். மீனைக் கரைக்கிற நொதிகள் அதில்தான் அதிகம். கருவாட்டுக்கு எது ஆகாதோ அது இதற்கு உயிர்.

ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி. ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன், மேலே கனமாக உப்பு. துணி கட்டி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன்.

2024 ஜூன் 16

தடைக்காலம் முடிந்து நேற்று முதல் படகு போய்விட்டது. நாளை பெருநாள், எழுத நேரமில்லை. தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் நண்டு போட்டுச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். பிறகு எழுதுகிறேன்.

2024 ஜூன் 23

நண்டு முட்டை என்றால் பாங்காக்கில் ஜே ஃபாய் கடை. மகாசாய் சாலையில் ஒரு சின்ன நடைபாதைக் கடை. அந்த அம்மா கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பின் முன் நின்று தானே பொரிப்பார். 2017 டிசம்பரில் பாங்காக்குக்கு முதன்முதலாக மிஷலின் என்ற உணவகத் தரக் கையேடு வந்தபோது நட்சத்திரம் கொடுத்தார்கள். நான் அங்கிருந்து வந்து சில வருடம் கழித்து நடந்தது. அவருடைய நண்டு முட்டை தலையணை மாதிரி உருட்டி, உள்ளே முழுக்க நண்டுச் சதை. முட்டை நண்டுக்குப் போர்வைதான்.

எங்கள் வீட்டில் நண்டு சேர்ப்பதில்லை, அதனால் என்னால் செய்து பார்த்துச் சொல்ல முடியாது. தங்கச்சிமடத்து நண்பரே, உங்கள் பக்கம் நீலக்கால் நண்டு நன்றாக வருமே. அவித்து, சதையை எடுத்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்துவிட்டுப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. இறாலில் நான் செய்திருக்கிறேன். பச்சை இறாலைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் தண்ணீர் விட்டு முட்டை சொதசொதவென்று ஆகிறது. முதலில் வெறும் சட்டியில் ஒரு பிரட்டு பிரட்டி, ஆறவிட்டுச் சேர்த்தபோது சரியாக வந்தது. வெங்காயத்துக்கும் இதே கதைதான். நம் ஆம்லெட் கைப்பழக்கத்தில் வெங்காயம் போடுகிறவர்கள் ஒரு சின்ன வெங்காயத்துக்கு மேல் போகாதீர்கள்.

2024 ஜூன் 25

தங்கச்சிமடம்: "செய்தேன். நண்டு நன்று, முட்டை கிழிந்தது."

மூன்று முட்டை போட்டீர்களா? அவ்வளவு நண்டைத் தாங்க மூன்றாவது வேண்டும்.

2024 ஆகஸ்ட் 14

ஜாடி கெட்டுவிட்டது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் யாராவது என்னைப் பார்த்துத் தொடங்கியிருந்தால் தெரிய வேண்டும்.

மேலே இருந்த மீன் உப்பு நீருக்கு வெளியே எழும்பி நின்றிருக்கிறது. காற்றுப் பட்ட இடம் கறுத்து, வாடை மாறிவிட்டது. ஊறுகிற வாடை வேறு, அழுகுகிற வாடை வேறு. மூடியைத் திறந்ததும் எது என்று சந்தேகமே வரவில்லை. முழுவதையும் கொட்டிக் குழி வெட்டிப் புதைத்தேன். மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கூடாது. கெட்ட மீனில் உண்டாகிற நஞ்சு சில கொதிக்கவைத்தாலும் போகாது.

என் தவறு, மேலே கனம் வைக்கவில்லை. பாங்காக்கில் இருந்தபோது ஒரு பெரியவர் பலகையும் கல்லும் வைத்து அழுத்துவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், அதை மறந்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 15

இரண்டாவது ஜாடி. அதே மூன்றுக்கு ஒன்று. மேலே பனைமட்டைச் சிராய் இரண்டைக் குறுக்காக வைத்து, கொதிநீரில் போட்டெடுத்த கடற்கல் ஒன்றை ஏற்றியிருக்கிறேன். மீன் முழுக்க முழுகியிருக்கிறது. உம்மா தானே வந்து துணியைக் கட்டினார்கள்.

2024 அக்டோபர் 6

மிளகாய்ச் சாற்றைப் பற்றி இத்தனை நாள் எழுதவே இல்லை.

அங்கே முட்டைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, மீன் சாற்றில் பொடியாக அரிந்த ஊசி மிளகாய், எலுமிச்சைச் சாறு, பூண்டு. ப்ரிக் நாம் ப்ளா. இன்னொன்று, சீ ராச்சா என்ற கடலோர ஊரின் பெயரால் வழங்குகிற சிவப்புச் சாறு. அந்த ஊர் சோன்புரி மாகாணத்தில் இருக்கிறது. மற்ற நாடுகளில் அந்தப் பெயரில் விற்பதைவிட அங்கே உள்ளது நீர்த்தும் இனிப்பாகவும் இருக்கும்.

இதற்கு நம் முண்டு மிளகாய் என்ன அழகாகப் பொருந்துகிறது தெரியுமா! ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உருண்டையாக, தடித்த தோலோடு, எரிப்பைவிட நிறமும் சதையும் அதிகம். பத்து மிளகாயை விதை உதிர்த்து, சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து, நான்கு பல் பூண்டு, கொஞ்சம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு துண்டு கருப்பட்டி சேர்த்து அரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். அங்கே காயவைக்காத பழுத்த மிளகாயில் செய்வார்கள், நம்முடையது வற்றலில் செய்தது, அதனால் மணம் கொஞ்சம் ஆழமாக இருக்கிறது. கருப்பட்டி அதிகமானால் கறுத்துவிடும். அவர்களும் பனை வெல்லம் சேர்க்கிற மக்கள்தான், அந்த வகையில் ஒட்டிப்போகிறது.

2024 அக்டோபர் 7

கருப்பட்டி பேச்சு வந்ததும் தொண்டி காக்கா தொதலுக்குப் போய்விட்டார். ஆமாம் காக்கா, நம் கீழக்கரைத் தொதலும் மலாய்க்காரர்களின் டோடோலும் ஒரே சொல், ஒரே பண்டம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம், மணிக்கணக்கில் கிண்டல். கப்பல் ஏறிப் போனவர்கள் பண்டத்தோடு திரும்பியிருக்கிறார்கள். முட்டைச் சோறும் அப்படி ஒருநாள் நம் வீட்டுப் பெயரோடு நிற்கட்டுமே. உம்மா இப்போதே "பொங்கமுட்டை" என்றுதான் சொல்கிறார்கள்.

2024 டிசம்பர் 2

மழை. ஜாடியை மாடியிலிருந்து இறக்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மீன் உருவம் குலைந்து, நீர் தேன் நிறம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. வாடை பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊறுகிற வாடை.

2025 மார்ச் 9

நோன்பு. சஹருக்கு (விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு) எழுந்து சமைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோறு இருந்தால் இந்த முட்டைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இரண்டு நாள் செய்தபின் ஒன்று கவனித்தேன். மீன் சாறு உப்பு, பொரித்த எண்ணெய் வேறு, பகலில் தாகம் வாட்டுகிறது. இப்போது சஹருக்கு மீன் சாற்றைப் பாதியாகக் குறைத்து, கூட வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறேன். அங்கேயும் தட்டின் ஓரத்தில் நான்கு வெள்ளரித் துண்டு இருக்கும். அது ஏன் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

உம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் கொடுக்கிறேன். இது அன்றாடம் சாப்பிடுகிற பண்டம் இல்லை, எண்ணெயைக் குறைத்துச் செய்கிற பண்டமும் இல்லை. குறைத்துச் செய்வதைவிட எப்போதாவது ஒழுங்காகச் செய்வது மேல்.

2025 மார்ச் 10

மண்டபத்துத் தம்பி வாத்து முட்டை பற்றிக் கேட்டார். தாய்லாந்தில் வாத்து முட்டையிலும் செய்வார்கள், நிறமும் கொழுப்பும் கூடும். நான் செய்ததில் மஞ்சள் நன்றாகப் பொங்கியது, வாடையைக் குறைக்க எலுமிச்சை கொஞ்சம் கூட்டினேன். மணிக்கட்டு ஆறிவிட்டதா தம்பி?

2025 ஆகஸ்ட் 17

ஒரு வருடம் இரண்டு நாள்.

காலையில் ஜாடியைத் திறந்தேன். உம்மா, ராத்தா, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மேலே தெளிந்த நீர், கடும் தேநீர் நிறம். அடியில் முள்ளும் சக்கையும். மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடித்தேன், அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக. முக்கால் லிட்டர் வந்தது. கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாட்டிலில் ஊற்றினேன்.

ராயோங் பாட்டிலோடு ஒப்பிட்டால் உப்பு கூடுதல், வாடை கொஞ்சம் முரடு. இனிப்பு குறைவு, ஆனால் இருக்கிறது. நாக்கின் பின்பக்கம் வந்து உட்காருகிற அந்தக் கறிச்சுவை நிச்சயமாக இருக்கிறது. போன வருடம் கருவாட்டு நீரில் தேடிக் கிடைக்காதது அதுதான். அரை தேக்கரண்டி போதும், ஒரு தேக்கரண்டி போட்டால் கரிக்கும்.

உம்மா இன்று தானே பொரித்தார்கள். என் அளவு எதையும் கேட்கவில்லை. எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை ஒரு சாண் உயர்த்தி, சுற்றி ஊற்றினார்கள். சட்டி விளிம்பு வரை வந்தது. புதுப் பச்சரிசிச் சோறு, முண்டு மிளகாய்ச் சாறு, வெள்ளரி. முதல் தட்டு எனக்கு வைத்தார்கள். சாறு போட்டதில் மாசியின் மணம் இல்லையே என்று அவர்களுக்குக் குறை, இரண்டாவதில் மாசியும் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டாவதுதான், உண்மையைச் சொன்னால், இத்தனை வருடத்தில் நான் சாப்பிட்டதிலேயே நல்லது. சாறும் மாசியும் ஒன்றுக்கொன்று மாற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்துப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

2025 ஆகஸ்ட் 18

உச்சிப்புளி அக்கா, மகள் சொன்னதை எழுதியிருந்தீர்கள், படித்தேன். முட்டை விளிம்பு வரை வந்ததும் அவளே படம் எடுத்தாளாம். உங்களுக்கு ஒரு சின்னப் பாட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கீழக்கரை வந்தால் வீட்டுக்கு வாருங்கள், உம்மா பொரித்துத் தருவார்கள். அரை தேக்கரண்டி, மறந்துவிடாதீர்கள்.

நான்கு கிலோ நெத்திலி இன்று மாலை வருகிறது. ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன், கல்லும் பக்கத்திலேயே காய்கிறது.